இடம்சார் கல்வி என்றால் என்ன? தூத்துக்குடிக் கடற்கரையில் அதற்கு என்ன வேலை?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருப்பதாகத்தான் பட்டியல்கள் இன்றும் சொல்கின்றன. அவற்றில் தூத்துக்குடிக் குழுவைச் சேர்ந்தவை நான்கு: வான், காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. படகில் போய் எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். விலாங்குச்சல்லி நீருக்குள் போய்விட்டது. கீழக்கரைக் குழுவில் இருந்த பூவரசன்பட்டிக்கும் அதே கதிதான். வான் தீவு பெருமளவு கரைந்தது, காரைச்சல்லி கரைந்துகொண்டே வருகிறது.

பவளப்பாறை என்றதும் ஆஸ்திரேலியாவைச் சொல்லத் தெரிந்த ஒரு தூத்துக்குடி மாணவருக்கு, தன் ஊருக்கு எதிரே ஒரு பவளத் தீவு காணாமல் போனது தெரியாமல் இருக்கலாம். அதில் பிள்ளையின் தவறு எதுவும் இல்லை. கடல் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. பாடம் மட்டும் வேறெங்கோ இருக்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிக்குக் கல்வியாளர்கள் வைத்திருக்கும் பெயர்தான் 'இடம்சார் கல்வி'.

இடம்சார் கல்வி: அப்படியென்றால்?

பிள்ளை வாழும் ஊரையே பாடமாக்குவது. அந்த ஊரின் மண், நீர், காற்று, தொழில், வரலாறு, மனிதர்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி அறிவியலுக்கும் கணக்குக்கும் மொழிக்கும் போவது. சுற்றுலா போல ஒரு நாள் கடற்கரைக்குப் போய் வந்தால் போதாது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், அங்கே என்ன மாறுகிறது என்று கவனித்துப் பதிவு செய்வதுதான் இதன் உயிர்.

அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 2004-இல் வெளியிட்ட நூல் இந்தச் சொல்லைப் பரவலாக்கியது. உலகம் அழிகிறது என்ற பயத்தைச் சின்ன வயதிலேயே ஊட்டினால் பிள்ளைகள் இயற்கையை விட்டு விலகித்தான் போவார்கள் என்பது அவர் முன்பே வைத்த வாதம். முதலில் பக்கத்தில் இருக்கும் குளத்தோடு ஒரு பழக்கம் வரட்டும், துருவப் பனி உருகுவது பிறகு வரட்டும் என்பார் அவர்.

நமக்கு இது புதிய சரக்கு ஒன்றும் கிடையாது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும், உள்ளூர்த் தொழிலிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்றுதான் சொன்னது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உத்தரவிட்டது. 2001-இல் 'தேசியப் பசுமைப் படை' வந்தது. பள்ளிகளில் சூழல் மன்றங்கள் தொடங்கின. பாடம் வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் அது ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதல், உறுதிமொழி என்ற அளவில் நின்றுபோனது.

தேசியக் கலைத்திட்டம் 2005-க்காக, சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு 'வாழிடமும் கற்றலும்' என்ற அறிக்கையைத் தயாரித்தது. மாணவர்கள் தங்கள் ஊரின் சூழலைத் தாங்களே பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவுகள் மதிப்பெண்ணோடு முடிந்துவிடாமல் ஊருக்கே பயன்படும் பொது ஆவணமாகச் சேர வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனை. பிள்ளைகள் எழுதுவதும் தகவல்தான், அதற்கும் மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்ட அறிக்கை அது.

ஏன் தூத்துக்குடி?

இந்த மாவட்டத்தில் நிலமும் கடலும் ஒரே இடத்தில் நின்றதில்லை. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர் பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை. இன்று அங்கே போனால் கடலைக் காண முடியாது, வயலும் குளமும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. கொற்கை தூர்ந்த பிறகு பழையகாயல், அதற்குப் பிறகு புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறிக்கொண்டே வந்தது. கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே கொற்கையில் அகழ்ந்து பார்த்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்த நான்கு ஊர்களையும் ஒரே நாளில் பேருந்திலேயே பார்த்துவிடலாம். ஆற்றுப் படிவு என்ற புவியியல் பாடத்தையும் பாண்டியர், போர்த்துகீசியர் வரலாற்றையும் ஒரே பயணத்தில் காட்ட இதைவிட நல்ல வழி கிடைப்பது கஷ்டம்.

ஒருபுறம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சி. துறைமுகம். பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம். மாநிலத்தின் உப்பு உற்பத்தியில் முதலிடம் இந்த மாவட்டத்துக்குத்தான். இன்னொருபுறம் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அதைச் சுற்றி, 1989-இல் அறிவிக்கப்பட்ட 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். தொழிலும் காப்பும் இவ்வளவு நெருக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும் ஊர்கள் குறைவு.

ஆராய்ச்சிக்கும் பஞ்சமில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம், 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி, பவளப்பாறைகளுக்கென்றே உழைக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாமே நகரத்துக்குள் இருக்கின்றன.

முத்துப்பார் என்ன சொல்லித்தரும்?

கடலடியில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். 'தோலாயிரம் பார்' போல ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஜிபிஎஸ் இல்லாத காலத்தில், கரையே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் தூரத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள ஒரு மரத்தையும் போல, ஒரே நேர்கோட்டில் வருமாறு வைத்துக்கொள்வார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள், இன்னொரு நேர்கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் படகு நின்றால், அடியில் பார். இது ஆயத்தொலை வடிவியல். 'இரு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும்' என்பதைக் கரும்பலகையில் படிக்கும் பிள்ளையின் தாத்தா, அதைத் தினமும் கடலில் செய்து சாப்பிட்டிருக்கிறார். இதைக் கணக்கு வகுப்பில் யாராவது சொன்னால்தானே அந்தப் பிள்ளைக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரியும்?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு ஒருபோதும் ஆண்டுதோறும் நடந்ததில்லை. பார்களில் சிப்பி விளைந்தால் உண்டு, இல்லையென்றால் பல ஆண்டுகள் கிடையாது. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு பார்கள் மீளவில்லை. சிப்பிக் குஞ்சுகள் பாரில் வந்து ஒட்டுவதில் ஏற்ற இறக்கம், இரை தேடும் மீன்கள், மண் படிவது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யும் முறையும் வந்தது.

1961-இல் 20 வயதில் முத்துக்குளித்தவருக்கு இன்று 80-ஐத் தாண்டியிருக்கும். அந்தத் தலைமுறையோடு எத்தனை பார்களின் பெயரும் அடையாளமும் போய்ச்சேரும் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. பள்ளிகள் இப்போது கேட்டு எழுதி வைத்தால் உண்டு. பத்து வருடம் கழித்துக் கேட்க ஆள் இருக்காது.

சங்குக் குளிப்பில் இயற்பியல்

முத்து நின்றுபோனாலும் சங்கு எடுப்பது இங்கே இன்றும் தொழில். வங்காளத்தில் திருமணமான பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு நூற்றாண்டுகளாகச் சரக்குப் போனது இந்தக் கரையிலிருந்துதான்.

முன்பு கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கிக் குளித்தார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில்தான் உயிர். அந்தக் கயிற்றை மச்சான் பிடிப்பதுதான் வழக்கம் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி சம்பந்தப்பட்ட விஷயம், கண்ணிமைக்காமல் பார்த்துக்கொள்வான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இப்போது கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். அதிக நேரம் அடியில் இருக்க முடிகிறது. ஆபத்தும் அதோடு கூடவே வந்தது.

10 மீட்டர் ஆழத்துக்குப் போனால் உடல் மீதான அழுத்தம் இரு மடங்காகும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கூடுதலாகக் கரையும். சடாரென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல அது குமிழிகளாக வெளியேறும். மூட்டு வலி, பக்கவாதம், சில நேரம் மரணம். வாயு விதிகளை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வழியில் சொல்லித்தந்தால் தேர்வுக்கும் உதவும், ஒருவேளை வீட்டில் ஒருவர் உயிருக்கும் உதவும்.

சங்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. குறிப்பிட்ட குறுக்களவுக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்ற விதி ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உண்டு. அளவுக் கருவியில் இட்டுப் பார்த்துச் சிறியதைத் தள்ளுவார்கள். 'இனப்பெருக்கம் செய்யும் முன் பிடிக்காதே' என்ற வளம் பேணும் கொள்கை, கையில் பிடிக்கும் ஒரு கருவியாகவே இங்கே இருந்திருக்கிறது.

தீவு ஏன் கரைந்தது?

இங்குள்ள தீவுகள் பவளத்தின் மேல் நிற்பவை. பெயரிலேயே 'சல்லி' இருக்கிறது. உடைந்த சிறு கல்லைத்தான் சல்லி என்போம். சுற்றியுள்ள பவளத்திட்டு அலையின் வேகத்தைக் குறைத்துத் தீவைக் காக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் அந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். திட்டு தாழ்ந்தது, அலை நேராகத் தீவில் மோதியது, மணல் போனது. கடல்மட்டமும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது.

2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, தீவுகளும் திட்டுகளும் கரைக்கு அரணாக நின்றதை மீனவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன் பிறகு பவளம் வெட்டுவது நின்றுபோனது. சட்டம் பாதி வேலை செய்தது என்றால், நேரில் கண்டது மீதியைச் செய்தது.

வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளையுள்ள கான்கிரீட் கட்டமைப்புகளைக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். அலை தணிந்தது, மணல் தங்கியது, மீனும் பவளமும் அதில் குடியேறத் தொடங்கின. காரைச்சல்லியை மீட்கும் திட்டத்தைத் தமிழக அரசு உலக வங்கி உதவியோடு கையில் எடுத்திருக்கிறது.

கடல் சூடாவது அடுத்த சவால். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2016-இல் மட்டும் மன்னார் வளைகுடாவின் பவளத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் செத்துப்போனது. வெளிறுவது ஏப்ரல், மே மாதங்களில். அதாவது பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்ட பிறகு. கல்வியாண்டு காலண்டரும் கடலின் காலண்டரும் ஒத்துப்போகாது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

உப்பளமும் வகுப்பறைதான்

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் விட்டு வெயிலில் வற்றவைத்தால், கொள்ளளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோடியம் குளோரைடு படியத் தொடங்கும். அந்தப் பக்குவத்தை அளக்க 'போமே' மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். கடல் நீர் 3 டிகிரி சொச்சம். உப்பு விழுவது 25-ஐ ஒட்டி. 30-ஐ நெருங்க விட்டால் மெக்னீசியம் உப்புகள் கலந்து கசப்பு ஏறும். அதற்கு முன் மிச்ச நீரை வெளியேற்ற வேண்டும். இன்று பல உப்பளங்களில் கடல் நீருக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீர் பயன்படுகிறது. நிலத்தடி நீருக்கு அதனால் என்ன ஆகும் என்று கேட்டால், வேதியியல் வகுப்பு புவியியல் வகுப்பாக மாறிவிடும்.

அந்தப் பாத்தியில் வெயிலின் கூசும் ஒளியில் உப்பு வாருகிறவர்களில் பெண்கள் அதிகம். மழை மாதங்களில் அவர்களுக்கு வேலை இருக்காது. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலருடைய அம்மாக்கள் அவர்கள். 'நீங்க எப்படிம்மா டிகிரி பாக்குறீங்க?' என்று ஆசிரியரும் மாணவர்களும் அவர்களிடம் கேட்டு எழுதுவது பாடத்தின் ஒரு பகுதி ஆகும்போது, யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கே கொஞ்சம் மாறுகிறது.

இது மறுபடியும் குலக்கல்வி ஆகாதா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது, எழத்தான் வேண்டும். 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. 'குலக்கல்வி' என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 'புத்தகப் பை இல்லாத பத்து நாட்கள்' உள்ளூர்க் கைவினைஞர்களிடம் தொழில் பழக வேண்டும் என்று வந்தபோது, இங்கே அந்தப் பழைய சந்தேகம் திரும்ப எழுந்ததில் வியப்பில்லை.

மீனவர் வீடுகளில் இந்தக் கவலை இன்னும் கூர்மை. 'நாங்க பட்டது போதும், நீயாவது படிச்சுக் கரையேறு' என்பதுதான் பெற்றோர் சொல்வது. கடலைப் பாடமாக்கினால் பிள்ளையைத் திரும்பவும் கடலுக்கே தள்ளுகிறார்களோ என்று அவர்கள் பயப்படுவது நியாயம்.

வேறுபாடு எங்கே என்பதை மூன்று கேள்விகளால் சோதித்துவிடலாம்.

முதல் கேள்வி: யாருக்குப் பாடம்? குலக்கல்வி பிறப்பைப் பார்த்தது. மீனவர் பிள்ளைக்குக் கடல், குயவர் பிள்ளைக்குச் சக்கரம். இடம்சார் கல்வியில் துறைமுக அதிகாரியின் மகளும், உப்பளத் தொழிலாளியின் மகனும், சங்குக் குளிப்பவரின் பேத்தியும் ஒரே பாடத்தை ஒன்றாகப் படிக்க வேண்டும். மீனவப் பிள்ளைகளுக்கு மட்டும் கடல் பாடம் என்றால் அது பழைய கதைதான்.

இரண்டாவது கேள்வி: பாடம் எங்கே போய் முடிகிறது? வலை பின்னக் கற்றுத்தருவதோடு நின்றால் அது தொழில் பழக்கம். காற்றழுத்தம், வடிவியல், வேதியியல் வரை போனால் அது கல்வி. ஊரில் தொடங்குவது ஊரிலேயே கட்டிப்போடுவதற்காக இருக்கக்கூடாது.

மூன்றாவது கேள்வி: பிள்ளை கேள்வி கேட்கலாமா? தூத்துக்குடியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த ஊர் இது. தொழிற்சாலை பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. அதே தொழிற்சாலையின் புகையும் கழிவும் பல வீடுகளுக்குக் கவலை. இரண்டையும் மறைத்துவிட்டு 'இயற்கையை நேசி' என்று மட்டும் சொல்லித்தந்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். யார் பக்கம் நிற்பது என்று ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை. நீரையும் காற்றையும் எப்படி அளப்பது, ஓர் அளவீட்டை எப்போது நம்பலாம், அனுமதி ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லித்தந்தால் போதும். வளர்ந்த பிறகு வதந்தியையும் நம்ப மாட்டார்கள், விளம்பரத்தையும் நம்ப மாட்டார்கள்.

வேறு எங்கே நடக்கிறது?

தஞ்சாவூர் மாவட்டம் வெளிவயலில் ஓம்கார் அறக்கட்டளை நடத்தும் பாக் விரிகுடாச் சூழல் கல்வி மையம், கடற்புல்லையும் ஆவுளியாவையும் மையமாக வைத்து மாணவர்களோடும் மீனவர்களோடும் பணியாற்றுகிறது. இந்திய வனவுயிர் நிறுவனம் ஆவுளியாவைக் காக்க மீனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் தந்தது. 2022-இல் நாட்டின் முதல் ஆவுளியாக் காப்பகம் பாக் விரிகுடாவில் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கரைவேலைகள் உண்டு. சென்னையில் பல்லுயிர் அறக்கட்டளை பிள்ளைகளைக் கடற்கரை நடைக்கு அழைத்துப்போய், காலடியில் இருக்கும் நண்டையும் கிளிஞ்சலையும் பார்க்கச் சொல்லித்தருகிறது.

வெளிநாட்டில் ஹவாய் நல்ல உதாரணம். விண்மீனையும் அலையையும் பார்த்தே பசிபிக்கைக் கடந்த முன்னோரின் அறிவு அங்கே ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1976-இல் மைக்ரோனேசியத் தீவொன்றிலிருந்து மாவ் பியாய்லுக் என்ற மாலுமியை வரவழைத்து, 'ஹோகுலேயா' என்ற படகைக் கருவிகள் இல்லாமல் தஹிதி வரை ஓட்டிப் போனார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு கடலோடிக் கலை ஹவாய்ப் பள்ளிகளுக்குள் வந்தது. அங்கே அந்த அறிவு உயிர்பிழைக்க, சொல்லித்தர ஒருவராவது மிச்சமிருந்ததுதான் காரணம்.

என்னென்ன தடைகள்?

பாதுகாப்பு முதலாவது. கடல் விளையாட்டுப் பொருள் இல்லை. தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் முடியாது. ஆகவே பாடம் கரையோடுதான். அது குறையே இல்லை. கரையில் பார்க்க வேண்டியதே ஏராளம்.

அடுத்தது சட்டம். அறிவியல் கண்காட்சிக்குப் பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை என்று சேகரித்துக் கண்ணாடிக் குடுவையில் வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே விட வேண்டும். இவை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். ஆர்வத்தில் எடுத்தாலும் குற்றம்தான். 'எடுக்காதே, வரை, படம் பிடி, அளந்து எழுது' என்பதே நல்ல விதி.

மூன்றாவது நேரம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஓடும் பள்ளியில் கடற்கரைக்கு ஏது பொழுது? 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில், மாதம் ஒரு அரை நாள் என்று தொடங்கினால் நடக்கக்கூடியதுதான்.

ஒரு பள்ளி நாளையே தொடங்க வேண்டுமானால்?

பெரிய நிதி வேண்டாம். ஒரு அளவு நாடா, ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, தடித்த ஒரு நோட்டு போதும்.

ஜூன்: 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. படகுகள் கடலுக்குப் போகும் முதல் வாரத்தில் என்ன மீன், எந்த அளவில் வருகிறது என்று ஏலக்கூடத்தில் பார்த்து எழுதலாம்.

ஜூலை, ஆகஸ்ட்: தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அள்ளி வீசும் காலம். காற்றுத் திசையையும் கடலின் நிறத்தையும் தினமும் குறிக்கலாம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு இருக்கும் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரலாம். ஊருக்கு ஊர் பொருள் மாறும், அந்த மாற்றமும் பாடம்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மழைமானி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தில் வழக்கமாக ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். அன்று தண்ணீர் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்பதை வீடு வீடாகக் கேட்டு வரைபடமாக்கினால், அடுத்த வெள்ளத்துக்கு அது கைகொடுக்கும்.

ஜனவரி: பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். உப்பளமும் குளமும் வலசைப் பறவைகளால் நிறைந்திருக்கும்.

பிப்ரவரி, மார்ச்: உப்பளம். பாத்தி பாத்தியாக டிகிரி அளந்து வரைபடத்தாளில் போடலாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும் இருக்கின்றன. அவர்கள் கடலுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எளிதான வேலை ஒன்று உண்டு. கடற்கரையில் அசையாத ஓர் அடையாளத்தை, ஒரு விளக்குக் கம்பத்தையோ சிற்றாலயச் சுவரையோ, தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கிருந்து அலை ஏறி நின்ற தடம் வரை எத்தனை மீட்டர் என்று மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுத வேண்டும். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு எழுதும்; அடுத்த ஆண்டு நோட்டை அடுத்த ஏழாம் வகுப்பிடம் கொடுக்கும். ஒரு மாத அளவில் எந்த அர்த்தமும் இருக்காது. பத்து ஆண்டுகள் சேர்ந்தால், அந்தக் கரை வளர்கிறதா கரைகிறதா என்பதற்கு ஊர்க்காரர்கள் கையிலேயே ஓர் ஆதாரம் இருக்கும். கிராம சபையில் எடுத்து வைக்கலாம். ஒவ்வோர் உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டோடு இணைக்கலாம். பக்கத்து ஆராய்ச்சி நிறுவனத்திடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம்.

விலாங்குச்சல்லி ஒரே இரவில் மூழ்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அப்படிப்பட்ட மாற்றம் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படாது. யாராவது விடாமல் அளந்துகொண்டிருந்தால் மட்டுமே தெரியும்.